ஆப்பிள் அசையுமா?

'அப்படியே போட்டோ மாதிரியே இருக்கு சார்!'

நம் ஊரில் ஓர் ஓவியருக்குக் கிடைக்கக்கூடிய உச்சபட்சப் பாராட்டு இதுதான். கண்காட்சியில், பள்ளிக்கூட ஆண்டு விழாவில், புது வீட்டு ஹாலில் மாட்டியிருக்கும் படத்துக்கு முன்னால்... எங்கே போனாலும் இந்த வசனம் காதில் விழும். வரைந்தவரும் நெளிந்துகொண்டே 'தேங்க்ஸ்' சொல்லிவிடுவார்.

சொல்லக் கூடாது. கோபப்பட வேண்டும். இந்த வாரம் என் கட்சி அதுதான்.

யோசித்துப் பாருங்கள். கச்சேரி முடிந்ததும் பாடகியிடம் போய், 'அப்படியே கேசட்ல கேட்ட மாதிரியே இருந்ததும்மா' என்பீர்களா? விருந்து சாப்பிட்டுவிட்டு, 'ரசம் அப்படியே பாக்கெட் பொடியில வெச்ச மாதிரியே இருக்கு' என்று சொல்லிவிட்டு அந்த வீட்டிலிருந்து முழுசாக வெளியே வர முடியுமா? ஓவியரிடம் மட்டும் கூசாமல் சொல்கிறோம். 'மிஷின் செய்யற வேலையை நீங்க கையால செஞ்சிருக்கீங்க, பாவம்' என்பதுதான் அதற்கு அர்த்தம் என்று நமக்கும் உறைப்பதில்லை, அவருக்கும் உறைப்பதில்லை.

இந்த வழக்கை ஒரு தட்டு பழத்தை வைத்து வாதாடப் போகிறேன். ஏன் பழம்? காரணம் இருக்கிறது. காந்தி படம் என்றால் 'காந்தி மாதிரி இருக்கா' என்று பார்ப்போம். சாமி படம் என்றால் கை தானாகக் குவிந்துவிடும். மலை, ஆறு என்றால் போன வருஷம் போன டூர் ஞாபகம் வரும். மேஜை மேல் நாலு ஆப்பிள், ஒரு துணி, ஒரு ஜாடி என்றால்? கதை இல்லை, பக்தி இல்லை, சோகம் இல்லை. பார்ப்பதற்கு இருப்பது இரண்டே விஷயம். ஒரு கலருக்குப் பக்கத்தில் எந்தக் கலரை வைத்திருக்கிறார்? பிரஷ்ஷை எப்படி இழுத்திருக்கிறார்? இந்த இரண்டும் தெரியாதவன் பழம் வரைந்தால் உடனே மாட்டிக்கொள்வான். இந்த இரண்டையும் பார்க்கத் தெரியாத நாமும் பழத்துக்கு முன்னால்தான் மாட்டிக்கொள்கிறோம்.

இந்த மாதிரிப் படத்துக்கு இங்கிலீஷில் 'ஸ்டில் லைஃப்' என்று பெயர். பிரெஞ்சுக்காரர்கள் 'நத்யூர் மோர்த்' என்கிறார்கள். அதாவது, செத்துப்போன இயற்கை. பெயரிலேயே மரியாதை தெரிகிறது அல்லவா? 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் கலை அகாடமி ஓவியங்களுக்கு சாதி பிரித்தது. சரித்திரம், புராணம் எல்லாம் மேலே. மனித முகம் அடுத்து. பிறகு மிருகங்கள், இயற்கைக் காட்சி. கடைசி வரிசையில் பழமும் பூவும். மேதைகளுக்கு ராஜாக்களின் யுத்தம், மற்றவர்களுக்கு வாழைப்பழம்!

'அச்சு அசல் வியாதி' அதற்கும் பழையது. ரோமாபுரி எழுத்தாளர் பிளினி ஒரு கதை சொல்கிறார். ஸூக்ஸிஸ் என்ற கிரேக்க ஓவியர் திராட்சைக் குலை வரைந்தார். குருவிகள் நிஜம் என்று நினைத்து வந்து கொத்தின. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. போட்டிக்கு வந்த பர்ஹாஸியஸிடம், 'எங்கே, திரையை விலக்கி உன் படத்தைக் காட்டு' என்றார். திரையே படம். தோற்றுப்போனார். நான் குருவியை ஏமாற்றினேன், நீ என்னையே ஏமாற்றிவிட்டாய் என்று ஒப்புக்கொண்டார்.

எல்லோரும் கதையை இங்கேயே நிறுத்திவிடுவார்கள். பிளினி நிறுத்தவில்லை. ஸூக்ஸிஸ் பிற்பாடு, திராட்சை ஏந்திய ஒரு பையனை வரைந்தார். அதற்கும் குருவிகள் வந்தன. இந்த முறை அவருக்குக் கோபம் வந்துவிட்டது. பையனை ஒழுங்காக வரைந்திருந்தால் குருவிகள் பயந்து ஓடியிருக்க வேண்டாமா என்று நொந்துகொண்டார். குருவி கொடுக்கும் சர்டிஃபிகேட்டின் லட்சணம் அவ்வளவுதான். 'போட்டோ மாதிரி' என்று நாம் கொடுப்பதும் அதே ரகம்.

சரி, விஷயத்துக்கு வருவோம். 1839 என்ற வருஷத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.

அந்த வருஷம் ஜனவரி 7-ஆம் தேதி பாரிஸில் அறிவியல் அகாடமியில், டாகேர் என்பவர் கண்டுபிடித்த புகைப்பட முறை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது. பன்னிரண்டு நாள் கழித்து, ஜனவரி 19-ஆம் தேதி, பிரான்ஸின் தெற்கே எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் என்ற ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர், பால் செசான். அதே 1839-ல் ஒரு தடித்த புத்தகமும் வெளிவந்தது. எழுதியவர் ஷெவ்ரல் என்ற வேதியியல்காரர். போட்டோ, ஆப்பிள் வரையப்போகிற கை, அந்தக் கைக்கு உதவப்போகிற விஞ்ஞானம் என்று மூன்றும் ஒரே வருஷத்துப் பிள்ளைகள். எந்த ஜோசியரும் இந்தப் பொருத்தத்தைத் தட்ட மாட்டார்.

ஷெவ்ரல் கதை சுவாரஸ்யமானது. பாரிஸில் கோப்லன் என்று அரசாங்கத்தின் திரைச்சீலை நெசவுக்கூடம். 1824 முதல் அங்கே சாயப் பட்டறைக்கு அவர்தான் டைரக்டர். நெசவாளர்களிடமிருந்து ஒரு புகார். 'உங்க கறுப்புச் சாயம் சரியில்லை. நீலத்துக்குப் பக்கத்துல வெச்சு நெய்தா வெளுத்துத் தெரியுது.' ஷெவ்ரல் வெளியூர்களில் சாயம் போட்ட கறுப்பு நூல்களையும் வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குற்றமும் இல்லை. குற்றவாளி பக்கத்து வீட்டுக்காரன்! நீலத்தை ஒட்டி உட்கார்ந்த கறுப்பின் மேல், நீலத்துக்கு நேர் எதிரான ஆரஞ்சின் சாயல் நம் கண்ணுக்குள்ளேயே படிந்து, அதை சாயம் போன கறுப்பாக்கிவிடுகிறது. பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் இரண்டு கலர்களும் ஒன்றையொன்று எதிர்த்திசையில் தள்ளும். இதை விதியாக எழுதினார். சிவப்புக்குப் பக்கத்தில் பச்சை வைத்தால் இரண்டும் ரத்தமும் இலையுமாக ஜொலிக்கும். ஆரஞ்சுக்கு நீலம், மஞ்சளுக்கு ஊதா. மனிதர் 102 வயது வரை வாழ்ந்து 1889-ல்தான் காலமானார்.

'இதெல்லாம் நமக்கு எங்க சார் புரியப்போகுது' என்று பக்கத்தைத் திருப்பிவிடாதீர்கள். உங்கள் வீட்டில் இதில் டாக்டர் பட்டம் வாங்குகிற தகுதியோடு ஆள் இருக்கிறார். ஜவுளிக்கடையில், 'மாம்பழ மஞ்சள்ல அரக்கு பார்டர் இருக்கா? கான்ட்ராஸ்ட்டா காட்டுங்க' என்று கேட்கிற அம்மாவுக்கு ஷெவ்ரல் என்ற பெயர் தெரியாது, விதி தெரியும். உடம்புக் கலரும் பார்டர் கலரும் ஒன்றையொன்று தூக்கிக்கொடுக்கிறதா, அமுக்கிவிடுகிறதா என்று மூன்று விநாடியில் தீர்ப்பு சொல்லிவிடுவார். கடை டியூப்லைட்டை நம்பாமல் புடவையை வாசல் வெளிச்சத்துக்கு எடுத்துப் போய்ப் பார்ப்பார். மயில்கழுத்துக் கலரை எடுத்துக்கொள்ளுங்கள். பாவு ஒரு கலர், ஊடை ஒரு கலர். நீலமும் பச்சையும் தனித்தனி நூலாக இருக்க, மயில்கழுத்து உங்கள் கண்ணில்தான் உருவாகிறது. புடவைக்கு முன்னால் இவ்வளவு கூர்மையாக இருக்கிற நாம், ஓவியத்துக்கு முன்னால் போனதும் குருவியாகிவிடுகிறோம். அதுதான் என் வயிற்றெரிச்சல்.

வான்கோ கலர் படித்ததும் நூலை வைத்துத்தான். ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலிருக்கும் மியூசியத்தில் சிவப்பு அரக்குப் பெட்டி ஒன்று இருக்கிறது. உள்ளே கம்பளி நூல் உருண்டைகள். எந்த நூலோடு எந்த நூலைச் சேர்த்து முறுக்கினால் எது எடுப்பாகத் தெரிகிறது என்று பரீட்சை பார்த்து வைத்திருக்கிறார். 1887-ல் அவர் வரைந்த பழப் படம் ஒன்றில் எலுமிச்சை, பேரிக்காய், திராட்சை எல்லாம் மஞ்சளோ மஞ்சள். ஆசை அடங்காமல் சட்டத்தையும் மஞ்சளாகப் பெயின்ட் அடித்துவிட்டார். அந்த மஞ்சள் வெள்ளத்தில் அங்கங்கே தெரிகிற மற்ற கலர் கீற்றுகள்தான் பழத்தைப் பழமாக நிறுத்துகின்றன. எந்த கேமராவும் அந்த மாதிரி ஒரு கூடையைப் பார்த்திருக்காது.

இப்போது நம் கதாநாயகர் செசான். பணக்கார பேங்கர் மகன். சட்டம் படிக்கச் சொன்ன அப்பாவை மீறி பாரிஸுக்குப் போனவர். 'சலோன்' என்ற அரசாங்கக் கண்காட்சி அவரை வருஷா வருஷம் திருப்பி அனுப்பியது. விமர்சகர்கள் கேலி செய்தார்கள். ஓர் ஆப்பிளை வைத்தே பாரிஸை மலைக்க வைத்துக் காட்டுகிறேன் என்று சொன்னாராம். குஸ்தாவ் ஜெஃப்ராய் என்ற விமர்சகர் பதிவு செய்திருக்கிறார். கடைசி வரிசைச் சரக்கை வைத்து முதல் வரிசையை அசைத்துக் காட்டுவதாக சவால்!

அவர் பழம் அடுக்குவதை லூயி லெ பாய் என்ற இளம் ஓவியர் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறார். முதலில் துணியை லேசாக மடித்துப் போடுவார். பிறகு பழங்களை ஒவ்வொன்றாக வைப்பார். பச்சைக்கு எதிரே சிவப்பு, நீலத்துக்கு எதிரே மஞ்சள் என்று கான்ட்ராஸ்ட் பார்த்துப் பார்த்து. பழம் வேண்டிய பக்கம் சாயவில்லையா? அடியில் காசு முட்டுக் கொடுப்பார், ஒரு சூ, இரண்டு சூ நாணயங்களை. கல்யாணப் பெண்ணுக்கு நகை போடுகிற கவனம். பிரஷ்ஷைத் தொடுவதற்கு முன்பே பாதி ஓவியம் முடிந்துவிட்டது.

மறுபாதி பிரஷ். இங்கேதான் நிதானமாகப் பார்க்க வேண்டும்.

உருண்டையாக ஒரு பழம் வரைய நமக்குச் சொல்லிக்கொடுத்த வழி என்ன? சிவப்பு அடி, ஓரத்தில் கறுப்பு கலந்து இருட்டாக்கு, நடுவில் வெள்ளைப் பொட்டு வை, விரலால் தேய்த்து வழவழவென்று ஆக்கு. முடிந்தது ஆப்பிள். செசான் தேய்க்கவே இல்லை. சின்னச் சின்ன பிரஷ் வீச்சுகள், ஒன்றன் பக்கத்தில் ஒன்றாக, ஒன்றின் விளிம்பை ஒன்று தொட்டுக்கொண்டு. கூரை வேய்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கீற்றும் தனித்தனியாகத் தெரியும், மொத்தத்தில் மழை ஒழுகாது. வெளிச்சம் படுகிற இடத்தில் மஞ்சள், அடுத்து ஆரஞ்சு, பிறகு சிவப்பு, இன்னும் ஆழ்ந்த சிவப்பு. பழம் வளைந்து மறைகிற ஓரத்தில் பச்சை, சாம்பல், நீலம். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு இறங்குவதற்குப் பதில், சூட்டிலிருந்து குளிர்ச்சிக்கு இறங்குகிறார். சூடான கலர் முன்னே வரும், குளிர்ந்த கலர் பின்னே போகும். கறுப்பின் தயவில்லாமலே பழம் உருண்டுவிடுகிறது. கையில் எடுத்தால் கனக்கும் போலத் தோன்றுகிறது.

பாரிஸின் ஓர்சே மியூசியத்தில் அவருடைய 'ஆப்பிள்களும் ஆரஞ்சுகளும்' இருக்கிறது. 1899 வாக்கில் வரைந்தது. பழங்களுக்கு அடியில் இருக்கும் வெள்ளைத் துணியைப் பாருங்கள். வெள்ளை என்று நாம் சொல்லும் அதில் நீலம், பச்சை, சாம்பல், மஞ்சள் எல்லாம் ஓடுகிறது. அந்தக் குளிர்ச்சியால்தான் மேலே உட்கார்ந்திருக்கிற ஆரஞ்சு தகிக்கிறது. துணியை மட்டும் பளீர் வெள்ளையாக அடித்துவிட்டால் பழங்கள் அத்தனையும் களையிழந்துவிடும். பழத்தின் கலர் பாதி பழத்தில் இல்லை, பக்கத்துத் துணியில் இருக்கிறது. ஷெவ்ரலின் கறுப்பு நூல் ஞாபகம் வருகிறதா?

சிகாகோவில் இருக்கும் 'ஆப்பிள் கூடை'யில் இன்னொரு கூத்து. மேஜையின் விளிம்பு துணிக்கு இடது பக்கம் ஓர் உயரத்தில் போகிறது, வலது பக்கம் வேறு உயரத்தில் வெளியே வருகிறது. பாட்டில் சாய்ந்து நிற்கிறது. 'பாவம், கோடு போட வரலை' என்று சொன்னவர்கள் உண்டு. நீங்கள் உங்கள் சாப்பாட்டு மேஜையைப் பாருங்கள். ஒற்றைக் கண்ணோடு ஆணி அடித்த மாதிரி நின்றா பார்க்கிறீர்கள்? தலை திரும்புகிறது, கண் அலைகிறது, ஒவ்வொரு திரும்பலிலும் மேஜை கொஞ்சம் மாறுகிறது. கேமரா ஒரு கணத்தைப் பிடிக்கிறது. செசான் பல மணி நேரத்துப் பார்வையை ஒரே படத்தில் சேர்த்து வைக்கிறார். ஆப்பிளின் ஓரத்தில் ஒரு கோட்டுக்குப் பதில் இரண்டு மூன்று நீலக் கோடுகள் விட்டுவிட்டு ஓடுவதும் இதனால்தான். பழத்தின் விளிம்பு இங்கேதான் முடிகிறது என்று அடித்துச் சொல்ல நேர்மையான கண்ணால் முடியாது.

மணிக்கணக்கு என்றால் சும்மா இல்லை. அவர் வரைந்து முடிப்பதற்குள் பழம் அழுகிவிடும். பூ வரைய காகிதப்பூதான் கட்டுப்படியானது. 1895-ல் அவருக்கு முதல் தனிக் கண்காட்சி வைத்துக் கொடுத்த வியாபாரி வோலார், 1899-ல் தன் உருவப்படத்துக்காக 115 தடவை போய் உட்கார்ந்ததாக எழுதியிருக்கிறார். ஒருநாள் தூங்கி வழிந்து நாற்காலியோடு விழுந்துவிட்டார். செசானுக்குக் கோபம். ஆப்பிள் மாதிரி உட்காரச் சொன்னேனே, ஆப்பிள் அசையுமா என்று சத்தம் போட்டாராம். சிரிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால், ஓர் ஆப்பிளையும் பணக்கார வியாபாரியையும் ஒரே மரியாதையோடு 115 தடவை பார்த்த மனிதர் அவர். நாம் ஒரு பொருளைக் கடைசியாக 115 விநாடி பார்த்தது எப்போது?

நிபுணர்களும் குருவிகள்தான் என்பதற்கு ஒரு சாட்சி. 1918 மார்ச். பாரிஸில் ஜெர்மன் குண்டுகள் விழுந்துகொண்டிருக்கின்றன. ஓவியர் டெகா இறந்து, அவர் சேர்த்துவைத்த படங்கள் ஏலத்துக்கு வருகின்றன. பொருளாதார மேதை கெய்ன்ஸ் பிரிட்டிஷ் அரசாங்கத்திடம் பேசிப் பணம் வாங்கிக் கொடுத்து, லண்டன் நேஷனல் கேலரி டைரக்டரையும் கூட்டிக்கொண்டு போகிறார். டைரக்டர் பெரிய பெயர்களாகப் பார்த்து வாங்கினார். செசான் வேண்டாம் என்றுவிட்டார். கெய்ன்ஸ் தன் சொந்தக் காசில் ஒரு செசானை வாங்கினார். ஒரு சின்ன நோட்டுப் புத்தகம் அளவு படம், அதில் ஏழு ஆப்பிள்கள். நண்பர்கள் வீட்டுக்குப் போகும் பாதையில் காரிலிருந்து இறங்கியவர், கையில் மூட்டை முடிச்சு அதிகம் என்று படத்தை வேலி ஓரத்தில் வைத்துவிட்டு நடந்து போய், 'வேலியில ஒரு செசான் இருக்கு' என்று சொல்ல, நண்பர்கள் எடுத்து வர ஓடினார்கள். இன்று அந்த ஏழு ஆப்பிளும் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் மியூசியத்தில் பத்திரமாக இருக்கின்றன. விலை சொன்னால்தான் நம் ஆட்கள் நிமிர்ந்து உட்காருவார்கள் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். செசானின் வேறொரு ஸ்டில் லைஃப் 1999-ல் நியூயார்க் ஏலத்தில் ஆறு கோடி டாலருக்கு மேல் போனது.

எதிர்க்கட்சி வக்கீல் எழுந்துவிட்டார். 'அப்போ தத்ரூபமா வரையறதே தப்பா? கரவாஜியோவும் ஷார்தானும் மட்டமா?'

நியாயமான கேள்வி. இல்லவே இல்லை. மிலானில் இருக்கும் கரவாஜியோவின் பழக்கூடையைப் பாருங்கள். நானூறு வருஷத்துக்கு முந்தையது. ஆப்பிளில் புழு குடைந்த ஓட்டை, இலைகளில் சுருக்கமும் காய்ச்சலும். பழக்கூடையை அழகுக்கு வைக்காமல் சாவுக்கு சாட்சியாக வைத்துவிட்டார். பின்னால் வெறும் வெளிர் சுவர். அந்த வெளிச்சத்துக்கு எதிரே கருகிய இலை விரல் நீட்டுகிற மாதிரி நிற்கிறது. அதைச் செய்தது கான்ட்ராஸ்ட். ஷார்தான் 1761-ல் காட்சிக்கு வைத்த காட்டு ஸ்ட்ராபெரிக் கூடை இன்னொன்று. சிவப்பு கோபுரமாகக் குவிந்திருக்கும். ஓரத்தில் ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர், இரண்டு வெள்ளைப் பூ. சிவப்பின் சூட்டைத் தணிக்க அந்தக் குளிர்ந்த டம்ளர் அங்கே இருக்கிறது. கிட்டே போனால் பழமே காணாமல் போய் வெறும் சிவப்புப் பூச்சாகிவிடும், தள்ளி வந்தால் மறுபடி பழம். இந்த மாயத்தைத்தான் அந்தக் காலத்திலேயே தித்ரோ வியந்து எழுதினார். 2022-ல் இரண்டு கோடியே நாற்பது லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போன இந்தப் படம் வெளிநாட்டுக்குப் போய்விடாமல், சாதாரண ஜனங்கள் போட்ட நன்கொடையும் சேர்ந்து, 2024-ல் லூவர் மியூசியத்துக்கு வந்தது. கை மறைந்திருக்கலாம், தெரியலாம். முடிவெடுத்த கை ஒன்று இருக்க வேண்டும். 'போட்டோ மாதிரி' என்கிற பாராட்டு அந்தக் கையைத்தான் வெட்டுகிறது.

இதெல்லாம் பிரான்ஸ் விவகாரம், உங்களுக்கு ஏன் இவ்வளவு ஆத்திரம் என்கிறீர்களா? எனக்குத் தெரிந்த வீட்டில் ஆறு வயதுப் பெண் குழந்தை. காலை நேரம், ஜன்னல் ஓரம், மேஜை விளக்கும் எரிந்துகொண்டிருக்க, வெள்ளைத் தாள் மேல் கொய்யாப்பழத்தை வைத்து வரைந்திருக்கிறது. நிழலை நீலமாகத் தீட்டியிருக்கிறது. பள்ளியில் அதன் மேல் பேனாவால் அடித்து, 'நிழல் கறுப்பு' என்று எழுதி அனுப்பிவிட்டார்கள். அடுத்த படத்தில் குழந்தை நிழலைக் கறுப்பாக்கிவிட்டது. கெட்டிக்காரக் குழந்தை, சீக்கிரம் கற்றுக்கொண்டது.

குழந்தை பார்த்தது சரி. மஞ்சள் பல்பு போடும் நிழலுக்குள் ஜன்னல் வெளிச்சம் விழுந்தால் அந்த நிழல் நீலமாகத்தான் தெரியும். 1810-ல் ஜெர்மன் கவிஞர் கதே, அந்தி வெளிச்சத்தில் மெழுகுவத்தி ஏற்றி, வெள்ளைத் தாள் மேல் பென்சிலை நிறுத்திப் பார்த்து இதையே எழுதினார். கதே புத்தகமே போட்ட விஷயத்தை ஆறு வயதில் தானாகப் பார்த்த ஒரு கண்ணை, ஒரு பேனாக் கிறுக்கலில் மூடியாகிவிட்டது. ஆப்பிள் சிவப்பு, இலை பச்சை, வானம் நீலம், நிழல் கறுப்பு, கோட்டுக்கு வெளியே போகாதே! இதற்குப் பெயர் ஓவிய வகுப்பு இல்லை, பார்க்காமலிருக்கப் பயிற்சி. பார்ப்பதை நம்பாதே, சொன்னதை நம்பு என்று பழத்தில் ஆரம்பிக்கிற பழக்கம் பழத்தோடு நிற்காது.

இன்னொரு கோஷ்டியையும் ஒரு கை பார்த்துவிட வேண்டும். நவீன ஓவியம் பற்றி நம் பாஷையில் எழுதுகிற பேர்வழிகள் சிலர். 'வெளியின் இன்மையும் இருப்பின் விளிம்பும்' என்று ஆரம்பித்து, படிக்கிறவன் தன்னை முட்டாள் என்று முடிவுகட்டும் வரை விட மாட்டார்கள். ஐயா, 'துணியில நீலம் இருக்கு, அதனால ஆரஞ்சு எரியுது' என்று சொல்லிப் பாருங்களேன். புடவை எடுக்கத் தெரிந்த அத்தனை பேருக்கும் புரியும். ஜனங்கள் 'போட்டோ மாதிரி'க்குள் பதுங்கிக்கொள்ள நீங்களும் ஒரு காரணம்.

இன்றைக்கு இது இன்னும் அவசரம். செல்போனில் நாலு வார்த்தை தட்டினால், பனித்துளியோடு, பளபளப்போடு, புழு ஓட்டையே இல்லாமல் ஒரு பழக்கூடைப் படம் சில விநாடியில் வந்து நிற்கிறது. வேண்டுமானால் செசான் ஸ்டைலிலேயே பிரஷ் கீற்றுகளோடும் வரும். அதற்குப் பின்னால் அழுகும் வரை காத்திருந்து பழத்தைப் பார்த்த கண் ஒன்றும் கிடையாது. தத்ரூபம்தான் அளவுகோல் என்றால் மனிதன் எப்போதோ தோற்றுவிட்டான், கடையை மூடிவிடலாம். பார்ப்பது அளவுகோல் என்றால் ஆட்டம் இன்னும் பாக்கி இருக்கிறது.

எனவே, ஒரு சின்ன வீட்டுப்பாடம். செலவு பத்து ரூபாய்க்குள். ஓர் எலுமிச்சம்பழத்தை நீலத் தட்டில் வையுங்கள். பிறகு மஞ்சள் துணி மேல் வையுங்கள். அதே பழம்தானா என்று சந்தேகம் வரும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு அதன் நிழலைப் பாருங்கள், உள்ளே எத்தனை கலர் என்று எண்ணுங்கள். எந்தப் படத்துக்கு முன்னால் நின்றாலும் முதலில் மூக்கு தொடும் தூரம் போங்கள் (காவலாளி திட்டினால் நான் பொறுப்பில்லை), பிரஷ் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பாருங்கள். பிறகு பத்தடி பின்னால் வாருங்கள். குழந்தை ஊதா கலரில் மாம்பழம் வரைந்தால் திருத்தாதீர்கள், 'எங்க பார்த்தே?' என்று கேளுங்கள். அது கைகாட்டுகிற இடத்தில் நீங்களும் பாருங்கள். அனேகமாக அங்கே ஊதா இருக்கும்.

ஓவியரைச் சந்தித்தால், தயவுசெய்து, அந்தப் பழைய பாராட்டு வேண்டாம். 'ஏன் சார் இந்த ஆப்பிளுக்குப் பக்கத்துல பச்சை வெச்சீங்க?' என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். மனிதர் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் விடமாட்டார். இத்தனை வருஷமாக அந்தக் கேள்விக்காகத்தான் காத்துக்கொண்டிருக்கிறார்.